முகட்டுக்குச் சற்றுக் கீழே

ஆசிரியருக்கு,

மலையுச்சியில் கண்ணாடிச் சுவர்களுடன் காட்சி மண்டபம் அமையவிருப்பதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நோக்கம் சரி, இடம்தான் தவறு. உச்சியில் எதைக் கட்டினாலும் அடிவாரம் வரை துருத்திக்கொண்டுதான் தெரியும். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1911-இல் தன் வீட்டைக் குன்றின் தலையில் வைக்காமல், சற்றுக் கீழே, அதன் நெற்றியில்தான் கட்டினார். கண்ணாடியில் தெரியும் வானத்தை நம்பிப் பறவைகள் மோதிச் சாவது தனிக் கவலை.

நான் போயிருந்த ஒரு மலை மண்டபத்தில், கான்கிரீட் தளத்திலிருந்து வழிந்த மழைநீர் ஒரே பக்கமாக மண்ணை அரித்து நடைபாதையையே பிளந்திருந்தது. ஆகவே மண்டபத்தை முகட்டுக்குக் கீழே இறக்கி, பாதை வெட்டும்போது கிடைக்கும் கல்லையே சுவருக்குப் பயன்படுத்தி, தளத்தைத் தூண்கள்மேல் நிறுத்தலாம். தண்ணீர் அடியில் தன் வழியே போய்விடும். காட்சி பார்க்கும் பக்கத்தில் கண்ணாடிக்குப் பதிலாகத் தடுப்புக்குக் கம்பியே போதும்.

- ஒரு வாசகர்