வாக்குமூலம் கேட்காமல் வைத்தியம் கொடுங்கள்

அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிக் கரை ஊர்களில் அரசு மருத்துவமனைச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திருச்சி கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை போன்ற முகாம்களில் வாழும் ஈழத்துப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினீர்கள், புது வீடுகள் கட்டிக் கொடுத்தீர்கள். மனதார நன்றி. ஆனால் போரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கரை சேர்ந்தவர்களுக்கென்று தனியாக ஓர் ஏற்பாட்டை என் பணிக்காலத்தில் நான் பார்க்கவில்லை.

நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை என்று முகாமிலிருந்து ஓ.பி.க்கு அடிக்கடி வருவார் ஓர் அம்மா. ஈ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் இருக்காது. ஒருநாள் அடிவயிற்றில் வலி என்றார். படுக்கச் சொன்னதும் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அறையில் டாக்டரோடு பயிற்சி மாணவர்கள் நாலைந்து பேர். கதவும் பாதி திறந்து கிடந்தது. அப்புறம் ஒருநாள் வந்து, "அக்கா, நீங்கள் மட்டும் நிண்டால் காட்டுறன்" என்றார். பெண் டாக்டர் ஒருவரைக் கூட்டிவந்து திரையை இழுத்துவிட்டேன். என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வைத்தியம் நல்லபடியாக நடந்தது.

நடந்தவை ஊருக்குத் தெரியாதவை அல்ல. இலங்கைப் பாதுகாப்புப் படைகளின் காவலில் இருந்த தமிழர்கள் மீது நடந்த பாலியல் சித்திரவதையை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 விசாரணை அறிக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அதில் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறப்பது இன்னும் அரிது; தயவுசெய்து அவர்களையும் கணக்கில் எடுங்கள்.

போர் முடிந்தது 2009-இல். இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்று கேட்பவர்கள், ராத்திரி முழுக்க விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்ததில்லை.

ஆப்பிரிக்காவில் கொங்கோவின் புக்காவு நகரில் டாக்டர் டெனிஸ் முக்வேகே 1999-இல் தொடங்கிய பான்சி மருத்துவமனையில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வைத்தியம், மனநல ஆலோசனை, சட்ட உதவி, பிழைப்புக்கு வழி எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நம்மிடமும் இவை இல்லாமல் இல்லை: வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட மனநலத் திட்டம், சட்டப் பணிகள் ஆணைக்குழு. ஆளுக்கொரு கட்டடத்தில் இருப்பதால் ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பயந்தே பலர் படியேறுவதில்லை. போலீஸ் புகார் கொடுத்தால்தான் வைத்தியம் என்று நிபந்தனை போடக்கூடாது என மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டு நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. முகாம் வாசிகளுக்கும் அதுதான் நியாயம்.

எனவே என் வேண்டுகோள்: முகாமுக்கு ஒரு பெண் மனநல ஆலோசகர் வரட்டும், ஒவ்வொரு தடவையும் அதே ஆள். பதிவு நாளில் வேண்டாம். அரசு தரும் பணக்கொடைக்காக வருவாய்த்துறைக்காரர்கள் முன்னும் முகாமைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீசார் முன்னும் நிற்கும் நாளில் யார் மனம் விட்டுப் பேசுவார்? ஆலோசகர் உட்காரும் அறையில் தையல் வகுப்போ ரத்த அழுத்தப் பரிசோதனையோ கூடவே நடந்தால், யார் எதற்குப் போகிறார் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. முகாமிலேயே படித்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுங்கள். உதவி தேடி வருகிறவர்களின் பேச்சு அவர்களுக்குப் புரியும். பரிந்துரைச் சீட்டில் 'பொது மருத்துவம்' என்று எழுதினால் போதும். சாட்சி சொல்ல விரும்புகிறவருக்கு வக்கீல் துணை கிடைக்கட்டும். விரும்பாதவரை யாரும் நெருக்க வேண்டாம், பத்திரிகைக்காரர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் உட்பட.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை என்று டெல்டா அலுவலகங்கள் பரபரப்பாக இருக்கும். அடுத்த வாரமே, ஜூன் 19, போர்களில் நடக்கும் பாலியல் வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச நாள். அன்றைக்கு முகாமில் கூட்டம் போட்டு யாரையும் மேடையேற்ற வேண்டாம். அதற்குள் ஒவ்வொரு முகாமுக்கும் ஆலோசகர் யார், எந்தக் கிழமை வருவார் என்பதை மட்டும் முடிவு செய்து அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர், திருவையாறு