பித்தநீர் அறுப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உடல்நலப் பக்கத்தில், ‘பித்தநீரில் உள்ள நொதிகள் கொழுப்பைச் செரிக்கின்றன’ என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. மருத்துவமனை மருந்துக் கவுன்ட்டரில் நெடுங்காலம் நின்றவள் நான். பித்தப்பையை எடுத்தவர்கள் இதைப் படித்தால், ‘இனி எனக்குக் கொழுப்பே செரிக்காதாமே’ என்று பயந்துபோவார்கள். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்து வைக்கும் இடம், அவ்வளவுதான். பை போனாலும் பித்தநீர் குடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, அந்த நொதி விஷயத்துக்கு வருகிறேன். பித்தநீரில் கொழுப்பைச் செரிக்கும் நொதி கிடையாது. அதில் உள்ள பித்த உப்புகள் செய்வது சோப்பின் வேலை: பெரிய எண்ணெய்த் திவலையைப் பொடிப்பொடித் துளிகளாகக் கலைத்துவிடும். கொழுப்பை அறுப்பது கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் என்ற நொதி. கொழுப்பு மூலக்கூறில் கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கும். லைப்பேஸ் ஓரத்து இரண்டைக் கழற்றிவிட்டு நடுவில் உள்ளதை விட்டுவிடும். குடல் சுவர் உறிஞ்ச அதுவே போதும். வேடிக்கை என்னவென்றால், துளியைச் சுற்றிப் படிந்த பித்த உப்பே லைப்பேஸைக் கிட்ட அண்டவிடாது. லைப்பேஸைத் துளியில் பிடித்து நிறுத்தக் கோலைப்பேஸ் என்றொரு குட்டிப் புரதத்தையும் கணையமே அனுப்பிவைக்கிறது.

இது நேற்று வந்த செய்தியும் இல்லை. 1840-களிலேயே பிரான்ஸில் கிளாட் பெர்னார் என்ற உடலியல் அறிஞர் முயலை அறுத்துப் பார்த்திருக்கிறார். முயலுக்குப் பித்தநாளம் சிறுகுடலின் தொடக்கத்திலேயே திறக்கும். கணைய நாளம் வெகுவாகக் கீழே தள்ளித் திறக்கும். கொழுப்பு தின்ற முயலில், கணையநீர் வந்து சேரும் இடத்துக்குக் கீழேதான் குடல் உறிஞ்சிய கொழுப்பை ஏந்திச் செல்லும் நிணநாளங்கள் வெள்ளைவெளேரென்று தெரிந்தன. பித்தநீர் மட்டும் பாய்ந்த மேல்பகுதியில் அப்படி இல்லை.

கணையம் பழுதானவர்களுக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது, உடம்பு இளைக்கும். அவர்களுக்கு மருத்துவர் நொதிக் கேப்ஸ்யூல் எழுதித் தருவார். ‘காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டுவிடுகிறேன்’ என்று பெருமையாகச் சொல்பவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அறுக்கக் கொழுப்பே இல்லாதபோது லைப்பேஸ் போய் என்ன செய்யும்? சாப்பிடும்போதே விழுங்க வேண்டிய மருந்து அது. சாப்பாடு நீண்டால் சிலருக்குப் பாதியைத் தொடக்கத்திலும் மீதியை நடுவிலும் எடுக்கச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் மணிகளுக்குப் பூச்சு உண்டு, வயிற்று அமிலம் லைப்பேஸைக் கெடுத்துவிடாமல் காப்பதற்காக. அப்புறம், கசக்கிறதா என்று கடித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்! மென்றால் பூச்சு போகும், வாயும் புண்ணாகும்.

திருத்தம் வெளியிடும்போது இந்த மருந்துச் செய்தியையும் ஒரு ஓரத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்