அந்தப் படத்தில் இருப்பது உன்னிச்செடி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சரணாலயங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது, ஒரு வரியைத் தவிர. "ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், போவார்கள், காட்டைக் காப்பது காவல்தான்" என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சொன்னதாகப் போட்டிருந்தீர்கள். கட்டுரையாளரும் தலையாட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

வந்து போகிற அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். பட்டம் வாங்கியவன் இல்லை, பட்டம் வாங்கியவர்களுக்கு டேப் பிடித்தவன். ஒரு சரணாலயத்தில் பதினொரு வருடம் கள உதவியாளராக இருந்தேன். ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கம்பிச் சட்டம் போட்டு, அதற்குள் எத்தனை புல், எத்தனை மரக்கன்று, எத்தனை உன்னிச்செடி என்று எண்ணி எழுதுவதுதான் வேலை. (அட்டை கடித்த கணக்கைத் தனியாக எழுதவில்லை.)

உன்னி என்பது வெளிநாட்டிலிருந்து வந்து, புல்லை மூடிக்கொண்டு மண்டுகிற புதர், லந்தானா என்பார்கள். அதைத் தரைக்கு மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து துளிர்த்து நிற்கும். மண்ணுக்குள்ளே, தண்டும் வேரும் சேருகிற இடத்துக்குக் கீழே வெட்டி, புதரையே தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அதையும் காய்ப்பதற்கு முன் செய்ய வேண்டும். அப்புறமும் விடாமல் வந்து, முளைக்கிற கன்றுகளைப் பிடுங்க வேண்டும். எங்கள் ஆய்வாளர் இதையெல்லாம் எழுதி அலுவலகத்தில் கொடுத்தார். அடுத்த வருடமும் கூலியாட்கள் வந்து முழங்கால் உயரத்தில் சீவிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வருடமும் அதேதான். இத்தனை ஹெக்டேர் அகற்றப்பட்டது என்று பதிவேட்டில் மட்டும் ஏறியது. அந்த அறிக்கை, ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமலிருக்க மடித்துச் செருகப்பட்டிருந்ததை நானே பார்த்தேன். ஆராய்ச்சி எதற்கும் உதவாது என்று யார் சொன்னது?

காவல் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வேட்டைத் தடுப்புக் காவலர்கள் முன்னால் நடந்ததால்தான் இன்று உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. காலடித் தடத்தை வைத்து எண்ணி எண்ணி, காகிதத்தில் புலிகள் சௌக்கியமாக இருந்தன. 2005-இல் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அந்தக் கணக்கெடுப்பு முறையை நம்ப முடியாது என்று பல வருடங்களாகவே சில விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்து போகிறவர்கள் பேச்சுதானே!

அதே ராஜஸ்தானின் பரத்பூரில் இன்னொரு கூத்து. நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன கேவலாதேவ் பூங்காவுக்குள் எருமை மேயக்கூடாது என்று 1982-இல் தடை போட்டார்கள். பறவைகளுக்கு நல்லது செய்வதாக நினைப்பு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வருடக்கணக்கில் அங்கேயே இருந்து பார்த்தார்கள். எருமை தின்று மட்டுப்படுத்தி வந்த புல் இப்போது தண்ணீரையே அடைத்துக்கொண்டு வளர்கிறது என்றார்கள். முதலில் ஒரு மூலையில் மட்டும் மேய்ச்சலை நிறுத்திப் பார்த்திருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் தீ விஷயத்தில் அப்படித்தான் செய்தார்கள். எரித்தால் செடிகொடி எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, 1954-இலிருந்து சில துண்டு நிலங்களை வருடா வருடம் எரிக்கிறார்கள், சிலவற்றை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எரிக்கிறார்கள், சிலவற்றைத் தீ அண்டாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய இருபதாயிரம் சதுர கிலோமீட்டர் பூங்கா அது. அவர்களுக்கு இதற்கு நேரம் இருக்கிறது.

சரி, எங்கள் ஆட்களும் உத்தமர்கள் இல்லை. நான் எண்ணிய கணக்கு ஏதோ ஓர் ஆய்விதழில் ஆங்கிலத்தில் வந்ததாம். பணம் கட்டினால்தான் படிக்க முடியுமாம். ரேஞ்சர் ஒருநாள் ஜீப்பை நிறுத்தி, "நீங்கதானே எண்ணினீங்க, நீங்களே சொல்லுங்க, புல் குறைஞ்சிருக்கா இல்லையா?" என்று கேட்டார். நோட்டைப் புரட்டிச் சொன்னேன். பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துக் குறித்துக்கொண்டார். பதினொரு வருடத்தில் ஆராய்ச்சியும் நிர்வாகமும் பேசிக்கொண்டது அந்தப் பத்து நிமிடம்தான். மற்றபடி, பூக்கும் பருவத்தைப் பற்றிய ஆய்வுக்கான அனுமதிக் கடிதம் காயெல்லாம் உதிர்ந்த பிறகு வந்து சேரும். அதற்கு யாரையும் நான் குறை சொல்லவில்லை. கடிதங்கள் தாமதமாவது இயல்புதான்.

தங்களுக்கு யானை வழித்தடம் பற்றி முன்பு நான் எழுதிய இரண்டு கடிதங்களும் அப்படித்தான் தாமதமாகின்றன போலும். இடமின்மையாகவும் இருக்கலாம். ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு அந்த வாரம் இரண்டு பக்கம் தேவைப்பட்டது.

இந்தக் கடிதம் முழுவதையும் போட வேண்டாம். கட்டுரையோடு அரைப் பக்கத்துக்கு ஒரு படம் போட்டு, 'பசுமை கொஞ்சும் கானகம்' என்று கீழே எழுதியிருந்தீர்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடுப்பளவுக்கு மண்டிக் கிடப்பது முழுக்க உன்னிச்செடி, ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூ வேறு. அதன் அடியில் புல் ஒன்றுகூடத் தெரியவில்லை. அடுத்த இதழில் எந்த மூலையிலாவது செடியின் பெயரை மட்டும் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கள உதவியாளர்,
இருபது வருடச் சந்தாதாரர்