டெக்சாஸ் மாநிலப் பொருட்காட்சி: ஞாயிறு பயணம்

அன்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

டாலஸ் ஃபேர் பார்க்கில் 1886 முதல் நடந்துவரும் மாநிலப் பொருட்காட்சிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் அனைவரும் செல்கிறோம். சனிக்கிழமையே போகலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அன்று திடலுக்குள்ளேயே உள்ள காட்டன் பௌல் அரங்கில் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகளின் அமெரிக்கக் கால்பந்தாட்டம் நடைபெறுவதால், கைக்குழந்தைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அந்த நெரிசலில் அழைத்துச் செல்வது சரியாக இராது.

காரை நிறுத்த இடம் தேடி அலையாமல், டாலஸ் பகுதிப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான டார்ட்டின் பச்சை வழித்தட ரயிலில் வந்து ஃபேர் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். நுழைவாயில் அருகிலேயே இருக்கிறது. 55 அடி உயரமுள்ள பிக் டெக்ஸ் சிலையின் காலடியில் காலை 10.30 மணிக்குக் கூடுவோம். வழி தவறியவர்களும் அங்கேயே வந்து காத்திருக்க வேண்டும். கடந்த ஆண்டு வெண்ணெயால் செய்த சிற்பத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற என் மகள், திரும்பிப் பார்த்தபோது எங்களைக் காணாமல் அழுதுவிட்டாள். அந்தப் பத்து நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே பிள்ளைகளின் மணிக்கட்டில் உங்கள் கைபேசி எண்ணை அழியாத மையால் எழுதிவிடுங்கள்.

குச்சியில் செருகி, சோளமாவில் தோய்த்துப் பொரிக்கும் புகழ்பெற்ற கார்னி டாக்கினுள் இருப்பது இறைச்சி. மற்ற பொரித்த பண்டங்களும் அதே எண்ணெயில் பொரிக்கப்படக்கூடும் என்பதால், சைவ உணவினர் கேட்டு வாங்கவும். 212 அடி ராட்டினத்தில் பொழுது சாயும் வேளையில் ஏறினால் நகரம் முழுவதும் தெரியும், அதைத் தவறவிடாதீர்கள்.

வருவோரின் எண்ணிக்கையை வியாழன் இரவுக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.