என் மகளின் தூக்கத்துக்காக ஒரு நன்றி மடல்

பாலக்கோடு பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஏழு வயதில் இருந்து ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுகிறாள். போன வருஷம் லெவெடிரசிட்டாம் மாத்திரையோடு க்ளோபசாம் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். வலிப்பு நின்றது. ஆனால் முதல் பீரியடிலேயே அவளுக்குக் கண் சொக்கிவிடும். "எட்டரைக்கே படுக்கிறே, இன்னும் என்னடி தூக்கம்?" என்று திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. யார் பேச்சையோ கேட்டுக் காலை மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே விழுந்துவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா, நீங்கள் ஓடி வந்ததை மறக்கவே மாட்டேன். சாவியைக் கையில் கொடு என்று எல்லோரும் கத்தினார்கள். நீங்கள் கூடைகளைத் தள்ளிவிட்டு, துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, செல்போனில் நேரம் பார்த்தபடி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

தர்மபுரியில் பார்த்த நரம்பு டாக்டர் அய்யா, நான் செய்ததைச் சொன்னபோது நீங்கள் கோபப்படவில்லை. இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு திரும்பும், சில நேரம் முன்னைவிடக் கடுமையாக என்று புரிய வைத்தீர்கள். க்ளோபசாம் மூளையை அமைதிப்படுத்துகிற மருந்து, அதனால் வரும் தூக்கக் கலக்கம் பகலிலும் தெரியும். லாமோட்ரிஜின் மாதிரி வேறு சில வலிப்பு மருந்துகள் சிலருக்கு வரும் தூக்கத்தையும் விரட்டிவிடும் என்றீர்கள். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்தேனே! படுக்கிற நேரம், எழுகிற நேரம், மாத்திரை நேரம் எல்லாம் இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் காலை க்ளோபசாமை ராத்திரிக்கு மாற்றினீர்கள்.

அதுவரை பொறுத்துக்கொண்ட வகுப்பு டீச்சருக்கும் நன்றி. தலை சாய்ந்தால் எழுப்பி நிற்க வைக்காமல், விட்டுப்போன பாடத்தை மதியம் சொல்லிக்கொடுத்தீர்கள். மருந்துக்கடைத் தம்பி, ஸ்டாக் இல்லாத அன்று தர்மபுரிக்குப் போய் வாங்கி வந்து, ஒரு வேளைகூடத் தவறாமல் பார்த்துக்கொண்டாய். நீ நன்றாக இருக்கணும்ப்பா.

அந்த நோட்டில் இப்போது அவளே எழுதுகிறாள். போன திங்கட்கிழமை எழுதியிருந்தது: "காலை 6 மணி. அம்மா எழுப்பல, நானே எழுந்தேன். கணக்கு பீரியடில் தூங்கல."

இப்படிக்கு,
அவளுடைய அம்மா