பக்கத்து வீட்டுச் சம்பல்

கோத்தகிரி,
புதன் இரவு.

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடைசி மெசேஜுக்குப் பதில் போடாமல் ஏழு மாதம் ஓடிவிட்டது. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் சுகம். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவள் ஏழாவது போகிறாள். உன் மகனுக்குப் பனியன் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டதா? நேரு பூங்கா காய்கறிக் கண்காட்சிக் கூட்டம் வடிந்து, இந்த வாரம்தான் மார்க்கெட் பக்கம் கால் வைக்க முடிந்தது.

போன் போட்டிருக்கலாம். ஆனால் இதைப் பேச்சில் சொன்னால் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். உனக்கோ எதையும் முழுதாகக் கேட்கும் பொறுமை பிறவியிலேயே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். சின்னவள் லீவில் நூலகத்தில் எதையோ படித்துவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாள். அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்று ஒரு பெண். அவருடைய அம்மா இறந்தது 1905இல். 1908 மே மாதம், அந்த அம்மா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தேவாலயத்திலேயே நினைவு வழிபாடு நடக்க ஏற்பாடு செய்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பினாராம். அம்மாவுக்குப் பிடித்த பூ அது. 1914இல் அதிபர் வில்சன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். அப்புறம் பூக்கடையும் வாழ்த்து அட்டையும் அந்த நாளைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, அதே அன்னா ஜார்விஸ் அதை எதிர்த்துச் சண்டை போட்டாராம். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது.

கார்னேஷன்தான் இங்கே பசுமைக்குடில் குடிலாக விளைகிறதே, ஒரு கட்டு வாங்கி, கேக்கும் வாங்கலாம் என்றாள் சின்னவள். எனக்கு என்ன தோன்றியதோ, “கேக் வேண்டாம், பாட்டிக்கு நாம் ரொட்டி சுடலாம்” என்றேன். அவளுக்கு ரொட்டி என்றால் பேக்கரி ரொட்டிதான். பன்னிரண்டு வயதுவரை என் பிள்ளைக்கு நம் தேங்காய் ரொட்டி தெரியாமல் வளர்த்திருக்கிறேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். எட்டாவது படிக்கும்போது நம் டப்பாவைத் திறந்தாலே “சிலோன் ரொட்டி” என்று ஒரு கூட்டம் சிரிக்கும். நாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவோம். ஒருநாள் நான் அம்மாவிடம், இனி டப்பாவில் ரொட்டி வைக்காதே என்று சொல்லிவிட்டேன். நீ கடைசிவரை கொண்டுவந்தாய். தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாய். அதற்கு நான் உன்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த வீடு இட்லி வீடு. இந்தக் குளிரில் மாவு பொங்க வேண்டும் என்று பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்துக் காவல் காக்கப் பழகினேனே தவிர, பிசைந்த உடனே சுடுகிற ரொட்டியை மறந்தே போனேன்.

சரி, கதைக்கு வருகிறேன். காலை ஐந்து மணிக்கு நானும் சின்னவளும் எழுந்தோம். மைதா நாலு தம்ளர், ஒரு முழுத் தேங்காய், உப்பு. மெத்தென்று வரட்டும் என்று மாவைத் தளரப் பிசைந்து, மெல்லிசாகத் தட்டினேன். நன்றாகவே வந்தது. அம்மாவை உட்காரவைத்துத் தட்டில் போட்டோம். அம்மா ஒரு துண்டு மென்றுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உக்காந்து திங்கிற ரொட்டி” என்றார்.

அதற்கப்புறம் அவரை உட்காரவைக்க முடியவில்லை. மீதி மாவில் இன்னும் மைதா தூவி இறுகப் பிசைந்தார். விரல் கனத்துக்குத் தட்டினார். கல்லில் இரண்டு பக்கமும் வெந்ததும், பர்னர் ஓரமாக ஒவ்வொன்றையும் நிறுத்திவைத்து ஓரத்தை முறுக விட்டார். தோட்டத்து லைன் வீட்டு அடுப்பில் தேயிலை மிலாறுக் குச்சி எரிந்து தணலானதும் வரிசையாகச் சாய்த்து வைப்பார்களே, அதே மாதிரி. பத்து மணிக்கு மலையில் நின்றபடி தின்ன வேண்டிய ரொட்டி அது. துணியில் முடிந்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குக்குள் செருகினால் பனியில் நமுத்துப் போகக்கூடாது. ஒரு கையில் பிடித்தால் உதிரக்கூடாது. இரண்டு தின்றால் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்வரை தாங்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கனம், அந்த இறுக்கம். நான் இத்தனை வருஷமும் அம்மாவுக்கு மெத்தென்று சுட வராது என்றே நினைத்திருந்தேன்.

ரொட்டியைத் திருப்பிக்கொண்டே சின்னவளிடம் பேச ஆரம்பித்தார். 1974இல் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பஞ்சம் வந்தது, மாவைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்தது, ஒரு ரொட்டியை நாலாகப் பிட்டுத் தின்றது, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் பேர் வந்து தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறியது, மண்டபம் முகாமில் பெரியம்மா, அதான் உன் அம்மா, கையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. அப்போது அம்மாவுக்கு ஒன்பது வயது, பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு. டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் அடுத்தடுத்த வீடும் கிடைத்ததுவரை ஒரு தேதி பிசகாமல் சொன்னார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள், கீழே எழுதப்போவதற்கு இது வேண்டும்.

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல் நான் அரைத்திருந்தேன். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு, எலுமிச்சை. அம்மா தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “இது அக்கா சம்பல் இல்லையே” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் யாருமே சம்பல் அரைத்ததில்லையடி! எங்கள் வீட்டிலிருந்து ரொட்டி போகும், உங்கள் வீட்டிலிருந்து சம்பல் வரும். சுவரை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். எங்கள் குடும்பத்துக் காலைச் சாப்பாடு என்று நான் பிள்ளைக்குக் காட்ட நினைத்ததில் பாதி உங்கள் வீட்டுடையது.

அப்புறம் நடந்ததுதான் நான் எழுத உட்கார்ந்த காரணம். அம்மா சூடான ரொட்டி இரண்டை எடுத்துத் துணியில் முடிந்து சின்னவள் கையில் கொடுத்து, “அக்கா வீட்டுல குடுத்துட்டுச் சம்பல் வாங்கிட்டு ஓடி வா” என்றார்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பி அடுத்த ரொட்டியைப் புரட்டினார்.

அது மறதியா, கையின் பழக்கமா, எனக்குப் பிடிபடவில்லை. பெரியம்மா காலமானபோது திருப்பூர் வந்து முகம் பார்த்துவிட்டு வந்தவர் அம்மாதான். விடைத்தாள் திருத்தும் வேலை என்று வராமல் நின்றுவிட்டவள் நான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கப்பல் ஏறிய வருஷம் தெரிகிறது, கூப்பன் மாவு தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அவரையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். கேஸ் மூடினாரா, மாத்திரை போட்டாரா, ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டாரா என்று. ராத்திரி எழுந்துபோய்ப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் காட்டலாம் என்கிறார். காட்டத்தான் வேண்டும். டாக்டர் வாயிலிருந்து ஒரு பெயர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன். உனக்கு எழுதிவிட்டால் தள்ளிப்போட மாட்டேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. பெரியம்மா சம்பலை எப்படி அரைத்தார்? மிளகாயைத் தணலில் சுட்டாரா, வெறுமனே அரைத்தாரா? எலுமிச்சையா, புளியா? வெங்காயத்தை நசுக்கினதோடு விட்டாரா? அம்மாவுக்குப் புளிப்புதான் வேறாகத் தெரிந்ததாம். உங்கள் பின்வாசல் அம்மி இப்போது எங்களிடம்தான் இருக்கிறது, வீட்டைக் காலி செய்யும்போது தூக்கி வந்தேன். மாசி வாங்கி வைத்திருக்கிறேன்.

எழுத முடியாவிட்டால் வந்து அரைத்துக் கொடு. காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், பஸ்ஸில் வந்தால் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் ஏறியதும் ஒரு மெசேஜ் போடு, அம்மா மாவு பிசைந்து வைப்பார்.

உன்,
குண்டூசி