பணம் கட்டிய பாடத்தை அடுத்த போனில் படிக்க விடுங்கள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகச் சிலர் சேர்ந்து மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். அதில் ஒருத்தி நான். இணையத்தில் விற்கும் பாடம், மின்னூல், பாட்டு என எல்லாவற்றின் மேலும், யாரும் காப்பி எடுக்காதபடி போடப்படும் டிஜிட்டல் பூட்டைப் பற்றித் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் பூட்டு எங்கள் கரையில் என்ன செய்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய பாடத்தை, வாங்கியவர் யாரிடமும் கெஞ்சாமல் தன் அடுத்த போனுக்கு மாற்றிக்கொள்ள விதி செய்யுங்கள்.

எங்களிடம் படிக்க வரும் ஒரு பெண்ணின் கதை இது. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அம்மா கடல்பாசி எடுக்கிறார். கல்லூரியை முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மதுரைக்கோ சென்னைக்கோ போய் விடுதியில் தங்கிப் படிக்க அந்த வீட்டில் வசதியில்லை. அதனால் ஒரு பயிற்சி நிறுவனத்தின் ஓராண்டு வீடியோ வகுப்பை வாங்கினாள். அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டிய பணம் அது.

பணம் போன பிறகுதான் நிபந்தனைகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஒரே ஒரு போனில்தான் ஓடும். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறைதான் பார்க்கலாம். இறக்கி வைத்த பாடமாக இருந்தாலும், சில நாட்களுக்கு ஒருமுறை நெட்டைப் போட்டு, நான்தான் பார்க்கிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும். பாதிப் பாடத்தில் கரன்ட் போய் போன் அணைந்தால் அதுவும் ஒரு முறை பார்த்த கணக்கு. இங்கே காற்று, மழை என்றால் கரன்டும் டவரும் சேர்ந்தே போகும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாளில்தான் படிக்க நேரம் கிடைக்கும். அன்றைக்குத்தான் செயலி நெட் கேட்டு நிற்கும்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் போன் செத்துப்போனது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. உப்புக் காற்றில் சார்ஜ் குத்துமிடம் துருப்பிடிக்கும், பிறகு உள்ளே ஒவ்வொன்றாகப் போகும். போர்டு போய்விட்டது, சரி பண்ண முடியாது என்றார் கடைக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் வீட்டில் அப்பாவின் வருமானமும் நின்றிருந்த நேரம். அவளுடைய சித்தப்பா தன் பழைய போனைக் கொடுத்தார். அதில் அதே சிம்மைப் போட்டு, அதே செயலியை இறக்கி, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால், "இந்தக் கணக்கு வேறு கருவியில் பதிவாகியுள்ளது, அதிலிருந்து வெளியேறிவிட்டு வாருங்கள்" என்று வருகிறது. செத்த போனிலிருந்து எப்படி வெளியேறுவது?

வாடிக்கையாளர் சேவைக்குப் படிப்பகத்தில் இருந்துதான் பேசினாள். பக்கத்தில் இருந்தேன். "சார், நான் யாருக்கும் காப்பி எடுத்துக் கொடுக்கக் கேட்கல. எனக்குப் படிக்கணும், அவ்வளவுதான்" என்றாள். கருவி மாற்றம் எங்கள் விதிமுறையில் இல்லை என்றார்கள். அப்புறம், வேண்டுமானால் தள்ளுபடி விலையில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அடகு வைத்த கம்மல் இன்னும் மீட்கப்படவில்லை. படிப்பதற்குப் பாதிப் பாடம் மீதி இருக்கிறது. ஒரு கடன் முடியும் முன்னே அதே பாடத்துக்கு இன்னொரு கடன் வாங்கு என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

திருட்டுப் பிரதியைத் தடுக்கத்தான் பூட்டு என்பார்கள். பாடம் நடத்தும் ஆசிரியரின் உழைப்பு உழைப்புதான், அதைத் திருடுவது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இந்தப் பூட்டு யாரைத் தடுக்கிறது? இதே மாதிரி வகுப்புகள் டெலிகிராமில் சல்லிக்காசுக்குக் கைமாறுகின்றன. அந்தக் கோப்பு எந்தப் போனிலும் ஓடும், நெட் கேட்காது, எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். வேண்டாம், அது தப்பு என்று முழுப் பணம் கட்டிய பிள்ளைதான் வெளியே நிற்கிறது. இத்தனைக்கும் அவள் பார்த்த ஒவ்வொரு பாடத்தின் மேலும் அவளுடைய போன் எண் மிதந்துகொண்டே இருக்கும். பாடம் வெளியே கசிந்தால் யாரிடமிருந்து போனது என்று கண்டுபிடிக்க அதுவே போதும். அதற்கு மேல் எதற்கு இந்தப் பூட்டு?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தோம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. அதே பிரிவு, சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காக ஒருவர் செய்வதைத் தடுக்காது என்றும் சொல்கிறது. அதாவது, தான் வாங்கிய பாடத்தைத் தன் போனில் படிக்க நினைப்பவரை அந்தப் பிரிவு குற்றவாளியாகப் பார்க்கவில்லை. ஆனால் அவரை உள்ளே விட வேண்டிய கடமையை விற்றவர் மேல் அது சுமத்தவும் இல்லை. சாவி முழுக்க விற்றவர் கையில். பாம்பனில் இருக்கும் ஒரு பெண் கணினிப் பூட்டை உடைக்கப் படித்துவிட்டா குரூப் 4க்குப் படிக்க வேண்டும்?

சரி, வழக்குப் போடலாமே என்பீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்றால் என்ன என்று நன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்று முறையிட ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய்ப் பாடத்துக்கு மாநில ஆணையம் வரை நடக்க எந்த மீனவக் குடும்பத்தால் முடியும்? விற்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் அவ்வளவு தைரியமாகப் பேசுகிறார்கள்.

இந்தக் கோபம் ஒரு பாடத்தோடு முடிவதில்லை. 2009இல் அமெசான், வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அவர்களுடைய கிண்டில் என்ற மின்னூல் படிக்கும் கருவிகளிலிருந்து தானாகவே அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்த அளவுக்காவது நேர்மை இருந்தது. இங்கே ஒரு பயிற்சி நிறுவனம் நாளை கடையை மூடினால் யார் திருப்பித் தருவார்கள்? ஆப்பிள் நிறுவனம் 2009இல் தன் பாட்டுக் கடையில் பாடல்களுக்கு இருந்த பூட்டை எடுத்தது. அதனால் பாட்டு விற்பது நின்றுபோய்விடவில்லை.

எங்கள் படிப்பக அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை, தேர்வில் வென்று வேலைக்குப் போனவர்கள் அடுத்தவர் படிக்கட்டும் என்று விட்டுச் சென்றவை. ஓரத்தில் பென்சில் குறிப்போடு கைமாறி வருகின்றன. ஒரு வீட்டில் அக்கா படித்ததைத் தங்கை படிப்பாள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் மேலே வந்தார்கள். பாடம் போனுக்குள் போனதும் இந்த வழியும் அடைபட்டுவிட்டது. பார்வையற்ற மாணவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களும் படிக்கும் வடிவில் நூல்கள் கிடைக்க வேண்டும் என்ற மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு நம்முடையது. ஆனால் இங்கே காப்பி எடுக்க முடியாதபடி பூட்டிய குறிப்புகளைப் போனில் உள்ள வாசிப்பு மென்பொருளால் படித்துக் காட்ட முடியவில்லை.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். எல்லாவற்றையும் இன்றே சரி செய்யுங்கள் என்று கேட்கவில்லை. கேட்பது முதலில் சொன்னதைத்தான். வாங்கிய பாடத்தை அடுத்த போனுக்கு மாற்றும் உரிமை வேண்டும்.

தங்கள் ஆணையத்தால் முடியாத காரியமும் இல்லை இது. 2023 நவம்பரில் இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்தீர்கள். 2024 நவம்பரில் பயிற்சி நிறுவனங்களின் பொய் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தீர்கள். அதைப் படித்து எங்கள் பிள்ளைகள் உண்மையாகவே மகிழ்ந்தார்கள். விளம்பரத்தில் என்ன சொல்லக் கூடாது என்று சொன்ன தாங்கள், பணம் வாங்கிய பிறகு என்ன செய்யக் கூடாது என்றும் சொல்ல வேண்டும்.

போன் பழுதானாலோ தொலைந்தாலோ, பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்த அன்றே பாடம் புதிய போனில் திறக்க வேண்டும். பழைய போனைக் காட்டு, அதிலிருந்து வெளியேறு என்று கேட்கக் கூடாது. ஒரு கருவி, மூன்று முறை, நெட் கட்டாயம் என்பது போன்ற நிபந்தனைகள் இருந்தால் பணம் வாங்கும் முன்பே, விலையை எழுதும் அதே பெரிய எழுத்தில், தமிழில் வாங்குபவருக்குத் தமிழில் சொல்லப்பட வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் பூட்டைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் காலத்துக்கான பணத்தைத் தர வேண்டும்.

அந்தப் பெண் வாங்கிய ஓராண்டுக் கெடு, பாடம் திறக்காத இந்த நாட்களிலும் குறைந்துகொண்டே வருகிறது. அப்படி இழந்த நாட்களையும் விற்றவர் கூட்டித் தர வேண்டும் என்று நெறிமுறையில் ஒரு வரி சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படிப்பகப் பொறுப்பாளர்களில் ஒருத்தி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்